அம்மாவின் தோல் ஏன் பிடியை விடுகிறது?

கேள்வி:

வணக்கம் டாக்டர். நாங்கள் தென்காசி பக்கத்தில் ஒரு கிராமம். அம்மாவுக்கு வயது 52. ஐந்து மாதமாக வாயில் புண். வயிற்றுச் சூடு என்றார்கள். பி-காம்ப்ளெக்ஸ், அல்சர் மாத்திரை, மணத்தக்காளிக் கீரை எல்லாம் கொடுத்தோம், ஆறவில்லை. போன மாதம் முதுகிலும் மார்பிலும் தொளதொளவென்று நீர்க்கொப்புளங்கள் வந்தன. தொட்டாலே உடைந்து தோல் உரிகிறது. அம்மை என்று சொல்லி வேப்பிலையில் படுக்க வைத்தோம். பிறகு மதுரையில் ஒரு தோல் டாக்டர் சதை எடுத்துப் பரிசோதித்து, 'பெம்பிகஸ் வல்காரிஸ்' என்று எழுதினார். "செல்லோடு செல் ஒட்டாமல் போய்விட்டது, ஸ்டீராய்டு சாப்பிட வேண்டும்" என்றார். வெளியே பெரிய வரிசை, அதற்கு மேல் கேட்க முடியவில்லை. செல் ஒட்டாமல் போவது என்றால் என்ன? இது எங்களுக்கும் ஒட்டுமா? ஸ்டீராய்டு கிட்னியைக் கெடுக்கும் என்று சித்தப்பா சொல்வதால் மாத்திரையைப் பாதியாக்கிக் கொடுக்கிறோம். கால்சியம் மாத்திரையும் இருக்கிறது, அது தோலை ஒட்ட வைக்கவா? தை மாதம் தங்கைக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டில் பரம்பரை வியாதியா என்று கேட்கிறார்கள். அம்மா மணவறையில் நிற்கலாமா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

எல்லாவற்றுக்கும் முன்னால் இரண்டு விஷயம். இந்த நோய் யாருக்கும் ஒட்டாது. அம்மாவின் தட்டில் சாப்பிடலாம், பக்கத்தில் படுக்கலாம், பேரப்பிள்ளையை அவர் மடியில் கொடுக்கலாம். அடுத்து, ஸ்டீராய்டு மாத்திரையைப் பாதியாக்கிக் கொடுப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். இதைப் படித்ததும் மதுரை டாக்டரைக் கூப்பிட்டு, எத்தனை நாளாகப் பாதி கொடுத்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லி, இனி எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று கேளுங்கள். அவர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. அது ஏன் இவ்வளவு முக்கியம் என்பது, உங்கள் முதல் கேள்விக்குப் பதில் சொன்னால் தானாக விளங்கும்.

நம் உடம்பின் செல்கள் மூட்டையில் கொட்டிய நெல் மாதிரி சும்மா பக்கத்தில் பக்கத்தில் கிடப்பவை அல்ல. ஒன்றையொன்று தேடிப் பிடித்துக்கொள்பவை. 1907-இல் அமெரிக்காவில் எச். வி. வில்சன் என்ற விலங்கியல் பேராசிரியர் உயிருள்ள கடற்பஞ்சு ஒன்றை நெருக்கமாக நெய்த பட்டுத்துணியில் வைத்துப் பிழிந்தார். செல்கள் தனித்தனியாகக் கழன்று கலங்கல் நீராக வந்தன. அதைக் கடல்நீரில் விட்டுவைத்துப் பார்த்தபோது, பிரிந்த செல்கள் ஊர்ந்து ஊர்ந்து ஒன்றுகூடின, கொஞ்ச நாளில் மறுபடியும் கடற்பஞ்சாகவே வளர்ந்தன. பிரித்துப் போட்டாலும் சேர்ந்துவிட வேண்டும் என்பது அவ்வளவு பழைய உயிரினத்திலேயே இருக்கும் குணம்.

செல்கள் எதைக் கொண்டு பிடிக்கின்றன என்பது தெரிய இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. ஜப்பானில் மசடோஷி டகேச்சி என்ற ஆய்வாளர், கால்சியம் இருந்தால் மட்டுமே வேலை செய்யும் ஒரு பிடிப்புப் புரதத்தைக் கண்டுபிடித்து, அதற்கு 1980-களில் 'கேடெரின்' என்று பெயர் வைத்தார். செல்லின் வெளி உறையைத் துளைத்துக்கொண்டு வெளியே நீட்டி நிற்கும் கை என்று அதை நினைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துச் செல்லிலிருந்து நீளும் அதே போன்ற கையை அது பிடித்துக்கொள்கிறது. கை விறைப்பாக நிற்கக் கால்சியம் வேண்டும். கால்சியத்தை நீக்கினால் கை துவண்டு பிடி விட்டுப்போகும்.

நீங்கள் கால்சியம் மாத்திரையைப் பற்றிக் கேட்டது நல்ல கேள்வி. ஆனால் அம்மாவுக்குக் கால்சியம் குறைந்ததால் தோல் பிரியவில்லை. செல்களைச் சுற்றியுள்ள கால்சியத்தை உடம்பு எப்போதும் ஒரே அளவில் வைத்துக்கொள்ளும். அந்த மாத்திரை எலும்புக்காக. ஸ்டீராய்டு நெடுநாள் சாப்பிட்டால் எலும்பு தேயும், அதைத் தடுக்கத்தான் வைட்டமின் டி-யோடு சேர்த்து எழுதியிருப்பார். கொப்புளம் குறைந்துவிட்டது என்று அதை நிறுத்திவிடாதீர்கள்.

இனி தோலுக்கு வருவோம். நாள் முழுக்க உரசலும் இழுப்பும் தாங்குகிற இடம் தோல். வெறும் கைப்பிடி அதற்குப் போதாது. அதனால் தோல் செல்களில் கேடெரின் குடும்பத்தைச் சேர்ந்த 'டெஸ்மோக்ளின்' என்ற புரதங்கள் ஒரே இடத்தில் கும்பலாகச் சேர்ந்து, ஒரு பொத்தான் மாதிரி அமைப்பை உண்டாக்குகின்றன. அதற்கு 'டெஸ்மோசோம்' என்று பெயர். ஒன்றின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. ஆனால் ஒவ்வொரு செல்லைச் சுற்றிலும் இப்படி நிறைய இருக்கின்றன.

பல வருடங்களுக்கு முன் இதே நோயோடு என்னிடம் வந்த ஒரு அம்மா தையல் வேலை செய்பவர். நான் படம் வரைந்து காட்டியதும், "டிச் பட்டன் மாதிரி" என்றார். அதற்குப் பிறகு எல்லோருக்கும் அவர் சொன்ன உதாரணத்தைத்தான் சொல்கிறேன். டிச் பட்டனில் ஒரு பாதி இந்தத் துணியில், மறு பாதி அந்தத் துணியில். இரண்டும் கவ்விக்கொள்கின்றன. ஆனால் பட்டனைத் துணியோடு சேர்த்துத் தைத்த நூல் உறுதியாக இல்லாவிட்டால், இழுக்கும்போது பட்டன் கழலாது, துணியிலிருந்து பிய்ந்து வந்துவிடும். செல்லிலும் அப்படியே. வெளியே டெஸ்மோக்ளின் கவ்வியிருக்க, உள்ளே வேறு சில புரதங்கள் அதைச் செல்லுக்குள் ஓடும் கெரட்டின் இழைகளோடு சேர்த்துத் தைத்திருக்கின்றன. அடுத்தடுத்த செல்களின் கெரட்டின் இழைகள் இப்படிப் பொத்தான் வழியாகவே தொடர்வதால், முதுகில் ஒரு இடத்தை இழுத்தால் அந்த இழுப்பு ஆயிரக்கணக்கான செல்களுக்குப் பங்காகிப் போய்விடுகிறது. தனியாக எந்தச் செல்லும் சுமப்பதில்லை.

மேல்தோலின் நடு அடுக்குக்கு மருத்துவத்தில் முள் அடுக்கு என்று பெயர். நுண்ணோக்கியில் பார்க்கச் சதைத்துண்டைப் பதப்படுத்தும்போது செல்கள் சுருங்கும். ஆனால் பொத்தான் போட்ட இடங்களில் மட்டும் பிடி விடாது. அந்த இடங்கள் இழுபட்டு முள் முள்ளாகத் தெரியும். அம்மாவின் பயாப்ஸி (சதை எடுத்துப் பார்க்கும் பரிசோதனை) ரிப்போர்ட்டில் 'அகாந்தோலைசிஸ்' என்று ஒரு சொல் இருக்கும், எடுத்துப் பாருங்கள். அகாந்தா என்றால் கிரேக்க மொழியில் முள். முள் கழன்றுவிட்டது, அதாவது பிடிமானம் போய்விட்டது என்று அர்த்தம். டாக்டர் உங்களிடம் சொன்னதும் அதையேதான்.

சரி, பொத்தான் ஏன் கழன்றது? அம்மாவின் செல்களில் குறை எதுவும் இல்லை. பொத்தானும் நன்றாகவே இருக்கிறது. கிருமிகளை எதிர்க்க நம் ரத்தத்தில் ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதங்கள் உண்டு. அம்மாவின் உடம்பு தவறுதலாக டெஸ்மோக்ளினுக்கு எதிராகவே ஆன்டிபாடி செய்துகொண்டிருக்கிறது. அது போய்ப் பொத்தானின் இரண்டு பாதிகளுக்கும் நடுவில் உட்கார்ந்துகொள்கிறது. டிச் பட்டன் நடுவே துணி மாட்டிக்கொண்டால் எப்படி அழுத்தினாலும் பூட்டாதல்லவா, அந்த மாதிரி. அதோடு, ஆன்டிபாடி ஒட்டிய டெஸ்மோக்ளினைச் செல்லே உள்ளே இழுத்துக்கொள்ளவும் செய்கிறது, பொத்தான்கள் எண்ணிக்கையிலும் குறைகின்றன. செல்கள் விலகிய இடைவெளியில் நீர் சேர்கிறது. அதுதான் கொப்புளம். கொப்புளத்தின் கூரை சில அடுக்குச் செல்கள் மட்டுமே உள்ள மெல்லிய ஏடு என்பதால்தான் தொளதொளவென்று இருக்கிறது, தொட்டதும் உடைகிறது.

இந்த நோயாளிகளின் ரத்தத்தில் தோல் செல்களுக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கிறது என்பதை 1964-இல் அமெரிக்காவில் எர்ன்ஸ்ட் பாய்ட்னர், ராபர்ட் ஜோர்டன் என்ற இருவர் காட்டினார்கள். அது பிடிப்பது கேடெரின் குடும்பத்துப் புரதம் ஒன்றை என்பதை 1991-இல் மசயுகி அமகாய், ஜான் ஸ்டான்லி குழுவினர் கண்டுபிடித்தார்கள். நான் படிக்கும்போது 'ஏதோ ஒட்டுப்பொருள் போய்விடுகிறது' என்ற அளவில்தான் புரிந்துவைத்திருந்தேன். அந்த ஒட்டுப்பொருளுக்குப் பெயரும் முகமும் கிடைத்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்னும் நினைவிருக்கிறது.

வாயில் ஏன் முதலில் வந்தது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். டெஸ்மோக்ளினில் 1, 3 என்று இரண்டு வகை நமக்கு முக்கியம். வாயின் உள்தோல் பெரும்பாலும் 3-ஐ நம்பியே நிற்கிறது. உடம்புத் தோலில் இரண்டும் உண்டு. நோய் தொடங்கும்போது பலருக்கு 3-க்கு எதிரான ஆன்டிபாடி மட்டும்தான் இருக்கும். அப்போது வாய் புண்ணாகும். உடம்புத் தோலை 1-ஆம் வகை தாங்கிப் பிடித்துக்கொள்ளும். மாதங்கள் கழித்து 1-க்கு எதிராகவும் ஆன்டிபாடி வந்ததும் முதுகும் மார்பும் விட்டுக்கொடுக்கின்றன. அம்மாவுக்கு ஐந்து மாதம் வாயிலேயே இருந்துவிட்டுப் பிறகு முதுகுக்கு வந்தது இந்த வழியில்தான். வயிற்றுச் சூட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

அந்த ஐந்து மாதத்துக்காக நீங்கள் உங்களை நொந்துகொள்ள வேண்டாம். அந்தத் தையல்கார அம்மாவுக்கு நானே மூன்று மாதம் பி-காம்ப்ளெக்ஸ் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நான் தனியாகத் தொழில் தொடங்கிய புதிது. வாய்ப்புண் என்றால் வைட்டமின் என்று கை பழகியிருந்தது. ஒருநாள் அவர் கழுத்தில் இரண்டு கொப்புளங்களைக் காட்டியபோதுதான் எனக்கு உறைத்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. அதனால் இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: வாயில் புண் மூன்று வாரத்துக்கு மேல் ஆறாமல் இருந்தால், புகையிலைப் பழக்கம் இருக்கிறதோ இல்லையோ, தோல் மருத்துவரிடமோ பல் மருத்துவரிடமோ காட்டி, தேவைப்பட்டால் சதை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். புற்றுநோயா என்று பார்ப்பதற்கும் அதே பரிசோதனைதான்.

அம்மாவுக்கு எடுத்தது ஒரு துண்டா, இரண்டா என்று கேட்டுப் பாருங்கள். புதுக் கொப்புளத்தின் ஓரத்திலிருந்து ஒன்று, பக்கத்தில் நல்ல தோலிலிருந்து இன்னொன்று எடுப்பது முறை. இரண்டாவது துண்டு ஃபார்மலினில் போடாமல் தனித் திரவத்தில் போகும். அதை ஒளிரும் சாயம் கொண்டு பார்த்தால், ஒவ்வொரு செல்லின் விளிம்பிலும் ஆன்டிபாடி படிந்து, மீன்வலை விரித்த மாதிரிப் பச்சையாக ஒளிரும். அதைப் பார்த்துவிட்டால் நோய் இதுதான் என்பதில் சந்தேகம் இருக்காது.

பயாப்ஸியில் இன்னொன்றும் தெரியும், உங்களிடம் நான் மிகவும் சொல்ல விரும்புவது அதைத்தான். மேல்தோலின் அடியில் ஒரே ஒரு வரிசை அடிச்செல்கள் உண்டு. புதுத்தோல் பிறப்பது அங்கிருந்துதான். இந்தச் செல்களுக்கு இரண்டு விதப் பிடி. பக்கத்துச் செல்லையும் மேலே உள்ள செல்லையும் டெஸ்மோசோம் கொண்டு பிடிக்கின்றன. கீழே தரையை, அதாவது அடித்தோலுக்கு மேல் விரித்த மெல்லிய பாய் போன்ற படலத்தை, இன்டெகிரின் என்ற வேறு புரதத்தால் பிடிக்கின்றன. அம்மாவின் ஆன்டிபாடிக்கு இந்தத் தரைப்பிடியைத் தெரியாது. அது டெஸ்மோக்ளினை மட்டுமே தாக்கும். அதனால் கொப்புளத்துக்குள் பார்த்தால், மேலே எல்லாம் கழன்று போயிருக்க, அடிச்செல்கள் மட்டும் அக்கம்பக்கம் விட்டுவிட்டாலும் தரையை விடாமல் வரிசையாக நின்றுகொண்டிருக்கும். மருத்துவப் புத்தகங்கள் இதைக் கல்லறைக் கற்களின் வரிசை என்று வர்ணிக்கின்றன. எனக்கு அந்த வர்ணனை என்றைக்குமே பிடித்ததில்லை. எனக்கு அது நடவு முடிந்த வயல். நாற்றுகள் ஒன்றோடொன்று தொடாமல் நிற்கின்றன, ஆனால் வேர் மண்ணில் இருக்கிறது. ஆன்டிபாடி குறைந்ததும் அந்த வரிசையிலிருந்துதான் தோல் திரும்ப வளர்ந்து மூடும். அதனால்தான் இந்தப் புண்கள், சீழ் பிடிக்காமல் பார்த்துக்கொண்டால், தழும்பு இல்லாமல் ஆறுகின்றன. கொஞ்ச நாள் கருமை இருக்கும், அதுவும் மெல்ல மங்கும்.

தரைப்பிடியையே தாக்கும் நோயும் உண்டு. அதற்குப் பெயர் புல்லஸ் பெம்பிகாய்டு. பெரும்பாலும் அறுபது, எழுபது தாண்டியவர்களுக்கு வரும். அதில் மேல்தோல் முழுவதும் கூரையாக இருப்பதால் கொப்புளம் விறைப்பாக இருக்கும், எளிதில் உடையாது. பெயர்கள் ஒன்று போல இருப்பதால் சொல்கிறேன். இணையத்தில் தேடும்போது குழம்பிவிடாதீர்கள்.

இப்போது ஸ்டீராய்டு. சித்தப்பாவின் பயம் வெறும் பயம் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த மருந்துக்குப் பக்கவிளைவுகள் உண்டு. கிட்னியைக் கெடுக்கும் என்பதுதான் சரியில்லை. சர்க்கரை ஏறலாம், ரத்த அழுத்தம் கூடலாம், முகம் உப்பலாம், எலும்பு தேயலாம், கண்ணில் புரை வரலாம், கிருமித் தொற்று எளிதாக வரலாம். ஆனால் 1950-களில் ஸ்டீராய்டு வருவதற்கு முன்னால் இந்த நோய் வந்தவர்களில் பெரும்பாலோர் சில ஆண்டுகளுக்குள் இறந்துபோனார்கள். தோல் உரிந்த உடம்பு பெரிய தீக்காயம் பட்ட உடம்பு மாதிரி. நீரும் புரதமும் வழிந்து போகும், கிருமி உள்ளே போகும். அந்த நிலையை மாற்றிய மருந்து இது.

பாதி அளவு ஏன் ஆபத்து என்றால், முதல் காரணம் ஆன்டிபாடி. ரத்தத்தில் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும் ஆன்டிபாடி பாதியாகக் குறையவே ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். புதிதாகச் செய்வதை முழு அளவு மருந்தால் அடக்கினால்தான் இந்தக் கணக்கே வேலை செய்யும். பாதி அளவில் தொழிற்சாலை ஓடிக்கொண்டே இருக்கும், பக்கவிளைவு மட்டும் மிச்சமாகும். இரண்டாவது காரணம், சில வாரங்கள் ஸ்டீராய்டு சாப்பிட்டவரின் உடம்பு, சிறுநீரகத்துக்கு மேலே உள்ள அட்ரீனல் சுரப்பியில் தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டை நிறுத்திவைத்திருக்கும். வெளியிலிருந்து கொடுப்பதைத் திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் இறங்கி, மயங்கி, உயிருக்கே ஆபத்தாகலாம். அளவைக் குறைக்கத்தான் வேண்டும், ஆனால் டாக்டர் புண்ணைப் பார்த்துப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். மாத்திரையைக் காலை உணவு முடிந்ததும் கொடுங்கள். சர்க்கரையையும் அழுத்தத்தையும் டாக்டர் சொன்ன இடைவெளியில் பாருங்கள். காய்ச்சல், இருமல், புண்ணில் நாற்றம், ஒரு பக்கமாக எரிச்சலோடு சிறு கொப்புளக் கூட்டம், இவற்றில் எது வந்தாலும் அடுத்த தேதி வரை காத்திருக்கக் கூடாது.

ஸ்டீராய்டு மாத்திரை மட்டுமே வழி என்றும் இல்லை. டெல்லி எய்ம்ஸில் டாக்டர் ஜே. எஸ். பஸ்ரிச்சா 1980-களில் ஒரு முறையை உருவாக்கினார். 28 நாளைக்கு ஒருமுறை, தொடர்ந்து மூன்று நாள் 100 மில்லிகிராம் டெக்ஸாமெதசோன் குளுக்கோஸில் ஏற்றுவார்கள். அதில் ஒருநாள் சைக்ளோபாஸ்பமைடும் சேரும். இந்தியா முழுவதும் ஆயிரக்கணக்கானவர்கள் இந்த 'பல்ஸ்' சிகிச்சையில் பிழைத்திருக்கிறார்கள். அது நம் நாட்டு மருத்துவம் பெருமைப்பட வேண்டிய வேலை என்று நான் நினைக்கிறேன்.

இன்னொன்று ரிட்டுக்ஸிமேப் ஊசி. இது ஆன்டிபாடி செய்யும் செல்களாக மாறப்போகும் பி-செல்களையே அழிக்கிறது. இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை ஏற்றுவது வழக்கமான முறைகளில் ஒன்று. 2017-இல் பிரான்சில் 90 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், இந்த ஊசியோடு குறைந்த காலம் ஸ்டீராய்டு எடுத்தவர்களில் 89 சதவீதம் பேர் இரண்டு ஆண்டு முடிவில் மருந்தே இல்லாமல் புண் இன்றி இருந்தார்கள். ஸ்டீராய்டு மட்டும் எடுத்தவர்களில் அது 34 சதவீதம். அம்மாவுக்கு இது பொருந்துமா என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். ஊசிக்கு முன் மஞ்சள் காமாலை பி வைரஸ், காசநோய் இரண்டுக்கும் பரிசோதனை அவசியம். பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். அதுவரை ஸ்டீராய்டு தாங்கிப் பிடிக்க வேண்டும். செலவு தாங்காது என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போங்கள். இந்த நோயைப் பார்த்துப் பழகிய கைகள் அங்கே இருக்கின்றன.

'எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்' என்று யாராவது பொடியோ லேகியமோ கொடுத்தால் வாங்கி வைத்துவிடுங்கள், கொடுக்க வேண்டாம். இங்கே பிரச்சினையே எதிர்ப்புச் சக்தி வழி தவறியதுதான். அதைத் தூண்டிவிட நாம் நினைக்கக் கூடாது.

தோலை எப்படிக் கையாள்வது என்பதை வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். பொத்தான் கழன்ற தோலைப் பக்கவாட்டில் இழுத்தால் உரியும், நேராக அழுத்தினால் அவ்வளவாக உரியாது. எனவே துடைக்காதீர்கள், ஒற்றியெடுங்கள். கையைப் பிடித்துத் தூக்காதீர்கள், உள்ளங்கையை விரித்துக் கீழே கொடுத்துத் தாங்கித் தூக்குங்கள். பிளாஸ்திரி, ஒட்டும் டேப் எதுவும் அவர் தோலில் படக் கூடாது. நல்ல தோலை விரலால் தேய்த்து உரிகிறதா என்று பார்ப்பது டாக்டர்கள் செய்யும் ஒரு சோதனை, வீட்டில் யாரும் செய்ய வேண்டாம். பெரிய கொப்புளத்தைச் சுத்தமான ஊசியால் நீர் வடித்துவிட மருத்துவமனையில் செய்து தருவார்கள். மேலே உள்ள ஏட்டைப் பிய்க்காமல் அப்படியே படியவிட வேண்டும், அதைவிட நல்ல கட்டு கிடையாது.

வேப்பிலைப் படுக்கையை எடுத்துவிடுங்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்தீர்கள். ஆனால் அதன் விளிம்பு ரம்பம் மாதிரி, பச்சைப் புண்ணில் கீறும். அதற்குப் பதில் வாழை இலை. நான் பயிற்சி எடுத்த வார்டில் ஒரு மூத்த செவிலியர், காலையில் முதல் வேலையாகக் குருத்து இலைகளைக் கழுவிச் சுத்தம் செய்து, தோல் உரிந்த நோயாளிகளுக்கு விரித்துவிடுவார். துணி விரிப்பில் படுத்தவர் எழும்போது புண் துணியோடு ஒட்டிப் பிய்ந்து வரும், இலையில் அது நடக்காது. அதன் மெழுகுப் பூச்சு எதனோடும் ஒட்டாது. குளிர்ச்சியாகவும் இருக்கும். செல்கள் ஒட்டாமல் போன நோயில், ஒட்டாத ஒரு பொருள்தான் மருந்துபோல உதவுகிறது. புதிய இலையாக, தினமும் மாற்றி, டாக்டர் தந்த களிம்பைப் பூசிய பிறகு பயன்படுத்துங்கள்.

தொற்று பற்றிய உங்கள் பயத்தைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். அம்மாவிடமிருந்து உங்களுக்கு எதுவும் வராது. உங்களிடமிருந்துதான் அவருக்கு வரும். தொடும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சளி, காய்ச்சல், அம்மை உள்ளவர்கள் அவர் பக்கத்தில் வர வேண்டாம்.

சாப்பாட்டில் பத்தியம் ஒன்றும் இல்லை. வாய் எரியும் என்பதால் காரமும் புளியும் சூடும் குறைய வேண்டும், அவ்வளவுதான். குழைந்த சாதத்தில் பருப்பும் நெய்யும், ஆறிய கஞ்சி, மோர், இட்லியைப் பாலில் ஊறவைத்தது, மசித்த முட்டை என்று புரதம் நிறைய போகட்டும். முறுக்கு, அப்பளம், மிக்சர் போன்ற மொறுமொறுப்பானவை வாய்த்தோலைக் கிழிக்கும். குழந்தைகளின் மென்மையான பிரஷ்ஷால் பல் தேய்க்கச் சொல்லுங்கள். வலிக்கிறது என்று பல் தேய்க்காமல் விட்டால் ஈறு புண் ஆறவே ஆறாது.

மாப்பிள்ளை வீட்டாருக்கு நீங்கள் தைரியமாகச் சொல்லலாம்: இது அம்மாவிடமிருந்து மகளுக்கு வந்துசேரும் நோய் அல்ல. சில மரபணு வகைகள் உள்ளவர்களுக்கு வாய்ப்பு கொஞ்சம் கூடுதல் என்பது உண்மை. ஆனால் அதே வகை உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுக்க எதுவும் வருவதில்லை. நோயே அரிது, ஒரே குடும்பத்தில் இரண்டு பேருக்கு வருவது அதைவிட அரிது. அவர்களுக்கு இன்னும் சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். மறைத்து வைக்காதீர்கள், மறைக்க வேண்டிய நோய் இது இல்லை.

அம்மா மணவறையில் கண்டிப்பாக நிற்கலாம். ஒழுங்காக மருந்து எடுத்தால் தைக்குள் புதுக் கொப்புளம் வருவது நின்றிருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. புண் முழுக்க ஆறியிருக்காவிட்டாலும் பரவாயில்லை. கனமான பட்டு வேண்டாம், ஜரிகைக் கரை தோளிலும் இடுப்பிலும் உரசும். மெல்லிய பருத்தியோ மென்பட்டோ எடுங்கள். ரவிக்கையைத் தளர்வாக, தையல் மடிப்பு வெளிப்பக்கம் வருகிற மாதிரித் தைக்கச் சொல்லுங்கள். இறுக்கமான வளையல் வேண்டாம். ஹோமப் புகைக்கும் சூட்டுக்கும் கொஞ்சம் தள்ளி, காற்று வரும் பக்கம் ஒரு நாற்காலி போடுங்கள். கல்யாண வீட்டில் வருகிற எல்லோரும் அவர் கையைப் பிடித்துப் பேசுவார்கள், தோளில் தட்டுவார்கள். நீங்கள் பக்கத்திலேயே இருந்து, கும்பிட்டால் போதும் என்று சொல்லிக்கொண்டே இருங்கள். முகூர்த்த அவசரத்தில் காலை டிபனும் மாத்திரையும் தவறிவிடும். முந்தின நாளே மாத்திரையைப் பிரித்து உங்கள் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.